பாடசாலைப் பொறுப்பேற்பும் பொறுப்புக்கூறலும்

உதவி நன்கொடை பெற்றுவந்த பாடசாலைகளை 1960ஆம், 1961ஆம் ஆண்டுகளில் இலங்கை அரசு பொறுப்பேற்றமை பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை இரண்டு குரல்களுள் ஒன்றிலேயே அமைந்துள்ளன. ஒன்று இழப்பின் குரல். பாடசாலைகளின் நூற்றாண்டு மலர்களிலும் சமய நிறுவனங்களின் வெளியீடுகளிலும் அதனைக் கேட்கலாம். ‘பறிப்பு’ என்னும் சொல்லை அது விரும்பிக் கையாளும். மற்றையது வெற்றியின் குரல். மிஷனரிமாரின் செல்வாக்கும் முகாமையாளரின் எதேச்சாதிகாரமும் ஒழிந்து கல்வி மக்களுடைமையாயிற்று என்பது அதன் கூற்று. இரண்டும் ஆதாரமற்றவையல்ல. ஆயினும் பாடசாலை யாருக்கு உரியது என்ற வினாவோடு இரண்டும் அமைதியடைந்துவிடுகின்றன. பாடசாலையை நடத்துபவர் அதனைச் செவ்வனே நடத்தாவிடத்து யாருக்கு மறுமொழி கூறக் கடமைப்பட்டவர் என்ற வினா இவ்விரு சாராராலும் போதிய அளவு எழுப்பப்படவில்லை. பொறுப்பேற்றவர் பொறுப்புக்கூறினாரா என்பதே இவ்விடத்தில் நோக்கப்படவேண்டியது.

உதவி நன்கொடை முறையின் தோற்றத்தை விரிவாகக் கூறவேண்டியதில்லை. 1814இல் வெஸ்லியன் மிஷனும் 1816இல் அமெரிக்க மிஷனும் தொடக்கிவைத்த பாடசாலைப் பணியும், அதற்கு எதிர்வினையாக 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையும் யாவரும் அறிந்தவை. 1869இல் பொதுப்போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டதைத் தொடர்ந்து, தனியார் நடத்தும் பாடசாலைகளுக்கு அரசு நன்கொடை வழங்கும் முறை நிலைபெற்றது. முன்னரே இயங்கிவரும் பாடசாலையொன்றிலிருந்து குறித்த தூரத்துக்குள் புதிய பாடசாலையைப் பதிவுசெய்ய இயலாது எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விதிக்கப்பட்ட கட்டுப்பாடு, முந்திக்கொண்ட மிஷன்களுக்கே வாய்ப்பாயிற்று. அத்தடைகளையும் மீறிச் சைவர்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் தத்தமக்கெனப் பாடசாலைகளை எழுப்பினர். 1880இல் தோன்றிய பௌத்த பிரமஞான சங்கமும் 1923இல் யாழ்ப்பாணத்தில் உருவான சைவ வித்தியா விருத்திச் சங்கமும் இம்முயற்சியின் பெரு விளைவுகள். கிழக்கிலே இராமகிருஷ்ண மிஷன் சுவாமி விபுலாநந்தரின் வழிகாட்டலில் பல பாடசாலைகளை நடத்தியது.

இப்பாடசாலைகளை நிலைநிறுத்தியவர் யாவர் என்பது முக்கியமானது. ஒருவர் காணி கொடுத்தார். பலர் பனைமரமும் கிடுகும் உடலுழைப்பும் கொடுத்தனர். உலை வைக்குமுன் பெண்கள் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறாக வைத்த பிடியரிசி வழக்கம் நாவலர் காலத்திலிருந்தே சைவப் பாடசாலைகளுக்கு உதவிற்று. எனினும் சட்டத்தின் கண்ணிலே இக்கொடையாளர் எவரும் இல்லை. அங்கு இருந்தவர் இருவரே: பாடசாலையின் உரிமையாளர் அல்லது அவர் சார்பில் அமைந்த முகாமையாளர் ஒருபுறம், வித்தியாதிபதி மறுபுறம். பிடியரிசி கொடுத்த பெண்ணுக்கும் பாடசாலையின் நிருவாகத்துக்கும் இடையே சட்டத்தில் எவ்விதத் தொடர்பும் காணப்படவில்லை. 1960இல் தோன்றிய சிக்கலின் வேர் இங்கேயே உள்ளது. சட்டம் அரசுக்கு முன்னே நிறுத்தி வைத்திருந்த சமூகம், உரிமையாளர் என்ற ஒரே ஆளாகச் சுருங்கிய சமூகமாகும்.

பழைய முறையிற் பொறுப்புக்கூறல் முற்றாக இல்லாதிருந்ததெனக் கூறுதல் தவறு. ஆசிரியரை நியமிப்பதும் மாற்றுவதும் விலக்குவதும் முகாமையாளர் கையிலிருந்தன. வித்தியாதரிசி வந்து வகுப்பைப் பரீட்சித்து இடாப்பைப் பார்த்து அறிக்கை எழுதினார். அறிக்கை பாதகமாயின் நன்கொடைக்குப் பங்கம் நேரலாம் என்ற அச்சம் முகாமையாளருக்கு இருந்தது. நடத்துபவர் வேறு, மேற்பார்வை செய்பவர் வேறு என்ற இருமையிலேயே அக்கட்டுப்பாடு தங்கியிருந்தது. ஆயின் அது மேல்நோக்கிய கட்டுப்பாடு மாத்திரமே. முகாமையாளர் திணைக்களத்துக்குக் கணக்குக் காட்டினார். பெற்றோருக்கோ ஆசிரியருக்கோ காட்டவேண்டியிருக்கவில்லை. முகாமையாளரின் வீட்டு வாசலிலே கைகட்டி நின்ற ஆசிரியரின் நிலை அக்காலத்து ஆசிரிய சங்கங்களின் நிலையான முறைப்பாடுகளுள் ஒன்றாயிருந்தது வியப்பன்று.

அன்றியும், சமூகம் என்ற சொல்லைப் பிளவற்ற ஒன்றாகக் கொண்டு பேசுவது யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை வரலாற்றுக்கு மாறானது. 1930ஐ அண்டிய ஆண்டுகளில், நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கப்படவேண்டுமென அரசு பணித்தபோது, அதனை எதிர்த்து நின்றவர்கள் தம்மையே சமூகம் எனக் கூறிக்கொண்டனர். சில பாடசாலைக் கட்டடங்கள் தீக்கிரையாயின. தாழ்த்தப்பட்டோரின் இயக்கங்கள் தம் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பாடசாலைகளே வேண்டுமென நெடுங்காலம் கோரிவந்தமைக்கு இவ்வனுபவமே காரணம். அவர்களுக்கு அரசு தொலைவிலிருந்த அந்நியன் எனினும், அருகிலிருந்த முகாமையாளரினும் நம்பத்தக்கவனாகத் தோன்றியது. பொறுப்பேற்பைச் சமூகத்தின் இழப்பெனப் புலம்புவோர் எந்தச் சமூகத்தின் இழப்பு என்பதையும் கூறவேண்டும். நூற்றாண்டு மலர்கள் இவ்விடத்தில் வழக்கமாக மௌனம் சாதிக்கின்றன.

1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபின், இருமை முறை தன் அடிப்படையையே இழக்கத் தொடங்கியது. கன்னங்கராவின் தலைமையிலமைந்த விசேட குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கை தொடக்கிவைத்த மாற்றங்களின் முடிவில், ஆசிரியர் சம்பளத்தின் பெருஞ்சுமை திறைசேரியின் மேல் வீழ்ந்தது. பணம் பொதுப்பணமாகவும் ஆசிரியரைத் தெரியும் அதிகாரம் தனியதிகாரமாகவும் இருந்த இந்நிலை நெடுநாள் நீடிக்கத்தக்கதன்று. ஆகவே 1960 யூலைத் தேர்தலில் வெற்றிபெற்ற ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் அரசும் அதன் கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத்தும் இவ்விடயத்திற் கைவைத்தமை நியாயமானதே. குறை காணப்படுவது கைவைத்த முறையில்.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் அமைப்பை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். அச்சட்டத்தின்படி உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளின் முகாமையாளராக வித்தியாதிபதியே ஆகின்றார். மேற்றரப் பாடசாலைகளின் உரிமையாளர் விரும்பின், அரசின் நன்கொடையுமின்றி மாணவரிடம் கட்டணமுமின்றித் தனியே நடத்தலாம். அடுத்த ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் பாடசாலைச் சொத்துக்களை இழப்பீடின்றி அரசுடைமையாக்க வழிசெய்தது. உரிமையாளர் செய்யவேண்டியவை, செய்யக்கூடாதவை, தவறின் நேர்வன ஆகியன விரிவாகக் கூறப்படுகின்றன. வித்தியாதிபதி தம் முகாமையை எவருக்கு, எக்கால இடைவெளியில், எவ்வடிவில் விளக்கவேண்டும் என்பதைப் பற்றியோ, ஒரு பாடசாலையின் பெற்றோர் அவர்மீது குறைகூறின் அதனை விசாரிக்கும் இடம் எது என்பதைப் பற்றியோ அதேயளவு கவலை சட்டத்திற் காணப்படவில்லை. நேற்றுவரை மேற்பார்வையாளராயிருந்தவர் இன்று முகாமையாளராகின்றார். மேற்பார்வை அவரிடமே எஞ்சுகின்றது. தன் திணைக்களம் நடத்தும் பாடசாலையைப் பற்றித் தன் திணைக்களத்தின் அலுவலரே எழுதும் அறிக்கை, நன்கொடையை நிறுத்தும் அதிகாரத்தோடு எழுதப்பட்ட பழைய அறிக்கைக்கு ஈடாகாது. முகாமையாளரின் எதேச்சாதிகாரத்தை ஒழிக்கப்போந்த சட்டம், அவருக்கிருந்த அந்த ஓர் அச்சத்தையும் ஒழித்துவிட்டது.

இதற்குப் பாராளுமன்றமே பொறுப்புக்கூறும் இடம் என்றொரு மறுப்பு எழலாம். கோட்பாட்டளவில் அது சரி. அமைச்சர் சபைக்குப் பதில் கூறக் கடமைப்பட்டவரே. ஆயின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடசாலைகள் ஒருங்கே ஒருவரின் முகாமைக்குள் வந்த நிலையில், மட்டுவில் கிராமத்துக் கூரை ஒழுகுவதோ மன்னாரில் விஞ்ஞான ஆசிரியர் இல்லாதிருப்பதோ சபையின் கேள்வி நேரத்திற் தீரக்கூடியதன்று. அதற்குப் பாராளுமன்ற உறுப்பினரின் சிபாரிசுக் கடிதம் என்ற வேறு வழியொன்று உருவாயிற்று. ஆசிரிய நியமனத்திலும் இடமாற்றத்திலும் அரசியற் செல்வாக்குப் புகுந்த வரலாற்றைத் தனிமனிதரின் ஒழுக்கக்கேடாக மட்டும் விளக்குதல் போதாது. முறையான வாயில் அடைபட்ட இடத்திலே பின்வாயில் திறந்தது.

பேரம் பேசப்பட்ட முறையும் இதே குறையையுடையது. 1960இன் இறுதியிலும் 1961இன் தொடக்கத்திலும் கத்தோலிக்கப் பெற்றோர் பல பாடசாலைக் கட்டடங்களுட் புகுந்து அவற்றை விட்டகலாதிருந்தனர். அந்நெருக்கடி தணிவதற்குப் பம்பாயின் பேராயரான கருதினால் வலேரியன் கிராசியஸ் இலங்கைக்கு வந்து பிரதமரோடு பேசவேண்டியிருந்தது. ஒரு நாட்டின் அரசு, தன் குடிமக்களின் பிள்ளைகள் கற்கும் பாடசாலைகளைப் பற்றி, வேற்றுநாட்டுத் திருச்சபைத் தலைவரொருவரோடு இணக்கங் கண்டது. அவ்விணக்கம் நன்மை பயத்ததாயினும், பாடசாலை மண்டபத்திற் பாய்விரித்துக் கிடந்த தாய்மார் அப்பேச்சின் தரப்பினராகக் கொள்ளப்படவில்லை. திருச்சபையும் இதனை ஒரு குறையாகக் கருதியதாகத் தோன்றவில்லை. தமிழ்ச் சைவ நிறுவனங்களைப் பொறுத்தவரை இத்தகைய கொந்தளிப்பேனும் நிகழவில்லை. உரிமையாளர் ஒப்படைத்தனர், திணைக்களம் ஏற்றுக்கொண்டது. இரு தரப்பினரும் எந்த நிபந்தனைகளின்மீது அதனைச் செய்தனர் என்பதைக் கிராமத்தவர் அறிந்திருக்க நியாயமில்லை. கல்வி முறை முழுவதையும் ஆராயப் பேராசிரியர் ஜே. ஈ. ஜயசூரியவின் தலைமையில் தேசியக் கல்வி ஆணைக்குழு அமைக்கப்பட்டதும் முதலாவது சட்டம் நிறைவேறியபின், 1961இலேயே. ஆராய்வுக்கு முன்னே தீர்ப்பு வந்தாயிற்று.

வேறு வழி இருந்ததா என்பது நியாயமான வினா. பாக்கு நீரிணைக்கு அப்பால், மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், கேரளத்தில் இதே பிரச்சினை எழுந்தது. 1957இல் ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாடின் அரசில் கல்வி அமைச்சராயிருந்த ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்விச் சட்டமூலமும் தனியார் பாடசாலை முகாமையாளரின் அதிகாரத்தையே குறிவைத்தது. குடியரசுத்தலைவர் அதனை உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். 1958இல் நீதிமன்றம் பிரிவு பிரிவாக ஆராய்ந்து, சிறுபான்மையோர் நிறுவனங்களை முறைப்படுத்தும் உரிமை அரசுக்குண்டு எனவும், உதவி பெறுதற்கு விலையாக அந்நிறுவனங்களையே கையளிக்கும்படி கேட்டல் ஆகாது எனவும் வேறுபாடு காட்டியது. சட்டமூலம் திருத்தப்பட்டது. 1959இல் அவ்வரசு கிளர்ச்சிக்கிடையே கலைக்கப்பட்டதென்பது உண்மையே. அதனைப் பொறுப்புக்கூறலின் இலட்சிய வரலாறாகக் காட்டுதல் பொருந்தாது. ஆயின் தான் செய்யப்போவதற்குரிய காரணத்தை மூன்றாம் தரப்பொன்றின் முன்னே எடுத்துரைக்கவேண்டிய நிலைக்கு அரசு ஆளாயிற்று. சோல்பரி யாப்பில் அதற்கு ஒத்த ஏற்பாடு இருக்கவில்லை.

இங்கிலாந்தின் 1944ஆம் ஆண்டுச் சட்டம் மற்றொரு வகையானது. ஆர். ஏ. பட்லர் திருச்சபைகளோடு நீண்டகாலம் பேசி முடிவுசெய்த அச்சட்டம், திருச்சபைப் பாடசாலைகளை ‘உதவிபெறுபவை’ எனவும் ‘கட்டுப்படுத்தப்படுபவை’ எனவும் பிரித்து, ஒவ்வொரு பாடசாலையிலும் திருச்சபையின் பிரதிநிதிகளும் உள்ளூராட்சியின் பிரதிநிதிகளும் அமரும் முகாமைச் சபையை விட்டுவைத்தது. பெற்றோருக்கு அச்சபைகளில் உரிய இடம் கிடைக்க மேலும் பல்லாண்டுகள் சென்றன. இருந்தும், நடத்துபவரைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்பதற்கு ஓர் இடம் பாடசாலைக்குள்ளேயே எஞ்சியது. கொழும்பிற் சட்டம் வரைந்தோர் ஆங்கில முன்மாதிரிகளை அறியாதவரல்லர். பாடசாலைதோறும் ஒரு சபை என்ற எண்ணம் அவர்களைக் கவராமைக்கு, முகாமைச் சபை என்றாலே மிஷன் ஆதிக்கம் என்ற கசப்பு ஒரு காரணமாகலாம். கசப்பு விளங்கத்தக்கது. ஆயினும் கெட்ட சபையை நீக்குவதற்குச் சபையென்பதையே நீக்கவேண்டியிருக்கவில்லை.

தமிழ்ப் பாடசாலைகளைப் பொறுத்தவரை இவ்வெற்றிடம் வேறொரு காரணத்தால் ஆழமாயிற்று. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் 1961 சனவரி முதலாந் திகதி தொடக்கம் முழுமையாக நடைமுறைப்படுத்தப்படலாயிற்று. அதே ஆண்டு பெப்ரவரியில் வடக்கிலும் கிழக்கிலும் கச்சேரிகளின் முன்னே சத்தியாக்கிரகம் தொடங்கியதும், ஏப்ரலில் அவசரகால நிலையின் கீழ் அது முறியடிக்கப்பட்டதும் அறிந்ததே. பாடசாலையின் முகாமை கிராமத்திலிருந்து திணைக்களத்துக்கு நகர்ந்த அதே வேளையில், திணைக்களத்தின் மொழி கிராமத்தவர் வாசிக்க இயலாத மொழியாக மாறிக்கொண்டிருந்தது. தம் பிள்ளையின் பாடசாலையைப் பற்றி மேலதிகாரிக்கு எழுத விரும்பிய தகப்பனுக்கு முன்னிருந்த முகாமையாளர் எவ்வளவு செருக்குடையவராயினும் தமிழறிந்தவர். பொறுப்பேற்பைப் போற்றும் முற்போக்காளர் இவ்விரு நிகழ்ச்சிகளையும் இரு வேறு அத்தியாயங்களில் எழுதிச் செல்வது வசதியானது. அக்காலத்தில் வாழ்ந்தோருக்கு அவை ஒரே ஆண்டில் நிகழ்ந்தவை.

அரசின் நோக்கத்தை அளப்பதற்கு மிகச் சிறந்த உரைகல் மலையகம். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்தல் தோட்ட முகாமையின் கடமையென 1907ஆம் ஆண்டின் சட்டமே விதித்திருந்தது. நடைமுறையில் அது லயத்தையொட்டிய ஓர் அறையும், ஓர் ஆசிரியரும், ஒரு சில வகுப்புகளுமாக நின்றது. தனியாரின் கையில் பொதுக் கல்வி இருத்தலாகாது என்பது 1960இன் கொள்கையாயின், அக்கொள்கை முதலிற் சென்றிருக்கவேண்டிய இடம் தோட்டப் பாடசாலை. பிஷப்பிடமிருந்து பாடசாலையை எடுத்த அரசு துரையிடமிருந்து எடுக்கவில்லை. காணிச் சீர்திருத்தம் 1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசுடைமையாக்கிய பின்னரே, 1970களின் பிற்பகுதியில் அப்பாடசாலைகள் பெருமளவிற் கல்வி அமைச்சின் கீழ் வந்தன. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் தாமதம். அவ்வறையிற் கற்றவர்களுக்கு அது பாடசாலைப் பருவம் முழுவதும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் அப்பிள்ளைகளின் பெற்றோருட் பெரும்பாலோர் வாக்குரிமையிழந்திருந்தனர் என்பதை நினைத்தால் தாமதத்தின் காரணம் புரியும். அரசு யாருக்குப் பதில் கூறவேண்டியதில்லையோ அவரது பாடசாலை இறுதியிலேயே நினைவுக்கு வந்தது.

பின்னைய ஆண்டுகளில் வெற்றிடத்தை நிரப்ப எடுத்த முயற்சிகள் பாதிவழியில் நின்றவை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திற் பெற்றோர் உறுப்பினர். ஆனால் அதிபரே பதவிவழித் தலைவர். சங்கத்தின் உழைப்பு பெரும்பாலும் மதில் கட்டுதற்கும் தளபாடம் வாங்குதற்கும் நிதி சேர்த்தலிலேயே கழிகின்றது. ஆசிரியர் நியமனம், பாடத் தெரிவு, பாடசாலையைத் தரமுயர்த்தல் அல்லது மூடுதல் ஆகிய முடிவுகளில் அதன் வாக்குக்கு இடமில்லை. பிடியரிசி மீண்டும் கேட்கப்படுகின்றது எனலாம். 1981ஆம் ஆண்டின் கல்வி வெள்ளை அறிக்கை முன்மொழிந்த கொத்தணிப் பாடசாலை முறை ஆசிரியரினதும் மாணவரினதும் எதிர்ப்புக்கு இலக்காயிற்று. 2006இல் உலக வங்கியின் ஆதரவோடு தொடங்கிய பாடசாலை மட்ட முகாமைத் திட்டம் குழுக்களைப் பெருக்கியதேயன்றி அவற்றுக்குத் திணைக்களத்தைக் கேள்வி கேட்கும் அதிகாரத்தை வழங்கவில்லை.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் பாடசாலைகளை மாகாண சபைகளிடம் ஒப்படைத்தபோது, முகாமை மக்களுக்கு அண்மித்து வரும் என்ற நம்பிக்கை எழுந்தது. ‘குறித்துரைக்கப்பட்ட பாடசாலைகள்’ என்ற விதிவிலக்கு அந்நம்பிக்கையின் ஓட்டை. அவ்வழியே தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சிடம் தங்கின. தொடக்கத்திற் சிலவாக இருந்தவை காலப்போக்கில் முந்நூற்றைக் கடந்தன. ஒவ்வொரு தரமுயர்த்தலும் ஒரு பாடசாலையை மாகாணத்திலிருந்து கொழும்புக்கு மாற்றுகின்றது. அதற்காக முயல்வோர் பெரும்பாலும் பழைய மாணவர் சங்கத்தினர். அவர்களது கிளைகள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இயங்குகின்றன. சட்டம் நீக்கிய உரிமையாளர் வேறு வேடத்தில் திரும்பி வந்துள்ளார் போலும். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018இல் முடிவடைந்தபின் தேர்தலின்றிப் பல ஆண்டுகள் கழிந்தன. அக்காலத்தில் மாகாணப் பாடசாலைகளின் தலைமைப் பொறுப்பு ஆளுநர் ஒருவரிடம், அதாவது எவராலும் தெரிந்தெடுக்கப்படாத ஒருவரிடம், இருந்தது.

இப்போது கிராமங்களில் பிள்ளைகள் இல்லாமற் போகின்றனர். போரும் இடப்பெயர்வும் வெளிநாட்டுப் பயணமும் நகரப் பாடசாலை மோகமும் சேர்ந்து, ஒருகாலத்தில் இரு நேரமும் மணியடித்த சைவப் பாடசாலைகளையும் மிஷன் பாடசாலைகளையும் ஓரிரு பத்து மாணவர் அளவுக்குக் குறைத்துவிட்டன. அவற்றை மூடுவதா, அயற் பாடசாலையோடு இணைப்பதா என்பது வலயக் கல்விப் பணிமனையின் கோப்புகளில் முடிவாகின்றது. அப்பிள்ளைகளுட் பலர் வசதியுள்ளோர் நீங்கியபின் எஞ்சிய கூலித் தொழிலாளரின் பிள்ளைகள். அதாவது சம ஆசனத்துக்காகப் போராடியவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களுட் சேர்வர். மூடப்படும் பாடசாலையின் காணியை ஊரவர் ஒருவர் கொடுத்திருப்பார். 1961ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அது அரசுக்கு உரித்தாயிருக்கும். கொடுத்தவரின் பெயர் மண்டபச் சுவரிலுள்ள கல்லிற் பொறிக்கப்பட்டிருக்கும். அக்கட்டடம் இனி எதற்குப் பயன்படும் என அவ்வூரவர் கேட்பின், அவ்வினாவை எவரிடம் கையளிக்கவேண்டும் என்பதற்கு அதிபரிடமும் விடையில்லை.